வலியின் இலக்கணம்: தன்மையும் படர்க்கையும்

அப்பருக்கு வயிறு வலித்தது. பெரியபுராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கதை தெரியும். திருவாமூரில் பிறந்த மருணீக்கியார் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆகிறார். சமண மடத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறபோது சூலை நோய் பிடிக்கிறது. மந்திரம், மயிற்பீலி, மந்திரித்த தண்ணீர் எதற்கும் அடங்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்கு வந்து தமக்கை திலகவதியாரின் காலில் விழுகிறார். அக்கா திருநீறு கொடுக்கிறார். வீரட்டானத்துக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார், வலி போய்விடுகிறது.

12ஆம் நூற்றாண்டில் இதை எழுதுகிற சேக்கிழார் இந்த வயிற்றுவலிக்கு ஒரு முன்கதை வைத்திருக்கிறார். தம்பியை மீட்டுக்கொடும் என்று திலகவதியார் வேண்ட, சூலை கொடுத்து அவனை ஆட்கொள்வோம் என்று சிவன் கனவில் வந்து வாக்குக் கொடுத்துவிடுகிறார். ஆக, வலி வருவதற்கு முன்பே அதன் அர்த்தம் தயாராக இருக்கிறது. யாருக்கு வலிக்கப் போகிறதோ அவருக்கு மட்டும் தெரியாது. வாசகருக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும். குடல் முறுக்கித் தரையில் உருளுகிற ஆளைப் பார்த்து நாமெல்லாம் உள்ளுக்குள் நிம்மதியாக இருக்கலாம், எல்லாம் நல்லதுக்குத்தான்.

அதே சம்பவத்தை, ஐந்து நூற்றாண்டுகள் பின்னால் போய், அப்பரின் பெயரில் உள்ள அந்த முதல் பதிகத்தில் வாசித்தால் வேறொரு பிரதி கிடைக்கிறது. அதன் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். குடலைச் சுருட்டி முடக்குகிறது, என்னால் தாங்க முடியவில்லை, விலக்கமாட்டேன் என்கிறீரே. என்ன கொடுமை செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உம்மை நினைக்காமல் இருந்ததில்லை, இப்படியொரு வஞ்சனையை நான் கண்டதில்லை. பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொல்லவும் உமக்கு மனம் வரவில்லை. கடைசிப் பாட்டில் வேர்த்து, புரண்டு, விழுந்து எழுகிற ஓர் உடம்பு மட்டும்தான் மிச்சம். இடையில் ஓரிடத்தில், காப்பவரின் காவலை இகழ்ந்தேன் என்று தன்மேலும் குறை சொல்லிக்கொள்கிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வலி எனக்கு நல்லது என்ற பேச்சு அங்கே கிடையாது. தெரியாத கொடுமைக்கு முற்பிறவி என்று பொருள் எழுதியவர்கள் பிற்பாடு வந்த உரைகாரர்கள்.

இரண்டு பிரதிகளுக்கும் நடுவே நடந்திருப்பது ஓர் இலக்கண மாற்றம். பதிகம் தன்மையில் பேசுகிறது, முன்னிலையை நோக்கி, நிகழ்காலத்தில்: எனக்கு வலிக்கிறது, நீர் எடும். புராணம் படர்க்கையில், இறந்தகாலத்தில் பேசுகிறது: அவருக்கு வலித்தது, அதனால் இன்னது விளைந்தது. துன்பத்துக்கு மதிப்பு உண்டா, அதை ஒழிக்க வேண்டுமா, அல்லது மனிதனை மனிதனாக்குவதே அதுதானா என்று தத்துவத்திலும் இறையியலிலும் நடந்து வந்திருக்கிற பெரிய விவாதம் இந்த இலக்கண மாற்றத்தைக் கண்டுகொள்ளாமலேயே நடக்கிறது என்பது என் வாசிப்பு. வலிக்கு மதிப்புச் சொல்கிற வாக்கியம் அநேகமாக எப்போதும் பிறருடைய வாக்கியம். அல்லது, வலி தீர்ந்து எழுந்து உட்கார்ந்த அதே ஆளுடைய வாக்கியம். அவரும் அந்த நேரத்தில் தன் பழைய உடம்புக்குப் பிறர்தான்.

போப் இரண்டாம் ஜான் பால் 1984இல் மனிதத் துன்பத்தின் கிறித்தவ அர்த்தம் பற்றி வெளியிட்ட 'சால்விஃபிச்சி தோலோரிஸ்' மடலைச் சும்மா தள்ளிவிட முடியாது. துன்பத்தை வெறும் தண்டனையாகப் பார்ப்பதை யோபுவின் கதையை வைத்தே அது மறுக்கிறது. ஆனால் முடிவை நெருங்கும்போது நல்ல சமாரியன் வருகிறான். உலகில் துன்பம் இருப்பது அன்பை வெளிக்கொண்டு வருவதற்காகவும்தான் என்கிறது மடல். சரி, அப்படியே வெச்சுக்குவோம். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடக்கிறவன் இந்தக் கதையில் யார்? சமாரியனுடைய கருணை வெளிப்படுவதற்கான ஒரு சந்தர்ப்பம். அவன் இதற்குச் சம்மதித்தானா என்று கேட்க இடமில்லை. மூலக் கதையிலும் அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

லெவினாஸ் 1982இல் எழுதிய பயனற்ற துன்பம் பற்றிய கட்டுரையில், அடுத்தவனுடைய வலிக்கு நியாயம் கற்பிப்பதே ஒழுக்கக்கேடு அனைத்துக்கும் ஊற்று என்ற நிலைக்கு வருகிறார். ஆஷ்விட்சுக்குப் பிறகு எழுதுகிற ஒரு யூதர் வேறெங்கும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. நான் இலக்கணம் என்று சொல்வதை அவர் அறம் என்கிறார். அவரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

நம்முடைய இடத்துக்கு வருவோம். இறையியலைக் கிண்டலடிக்கிற சிறுபத்திரிகைக்காரர்களும் இதே புராணத்தை வேறு பெயரில் வைத்திருக்கிறோம். புதுமைப்பித்தன் 1948இல் காசநோயில் இறந்தார், வயது 42. அந்த இருமலும் வறுமையும் அவருடைய மேதைமையின் ஒரு பகுதி என்பதுபோல நாம் எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறோம். ஸ்ட்ரெப்டோமைசின் அவர் இறப்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டாயிற்று. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டு, வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாக முடியும் என்று 1959இல் உலகத்துக்கே காட்டியது. பத்தாண்டு தள்ளி நோய் வந்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். அறுபது வயதுப் புதுமைப்பித்தன் என்ன எழுதியிருப்பார் என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. கேட்டால் துன்பத்துக்கும் கலைக்கும் போட்டு வைத்த முடிச்சு அவிழ்ந்துவிடும். துன்பப்பட்டு எதுவும் எழுதாமல் செத்தவர்களின் கணக்கு இந்தக் கதையாடலுக்குள் வருவதே இல்லை. அவர்கள்தானே பெரும்பான்மை.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. அது வேலூரிலிருந்து வருகிறது. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன என்று தேடியவர், நோய் நேரடியாகச் சதையைத் தின்பதில்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதுதான் காரணம் என்று கண்டார். சூடான பாத்திரத்தைப் பிடித்தால் கை சுடாது. செருப்பில் ஆணி ஏறினால் தெரியாது. அதே காலில் நடந்துகொண்டே இருப்பார்கள். பிற்காலத்தில் அமெரிக்காவில், உணர்விழந்த கைகால்களுக்குச் செயற்கை வலியைச் செய்து தர முயன்றார். அழுத்தத்தை அளக்கும் கருவி, எச்சரிக்கை ஒலி, மின் அதிர்ச்சி. திட்டம் தோற்றது. அதிர்ச்சி தொல்லை தரும்போதெல்லாம் அதை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள் நோயாளிகள். நம் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாததால்தான் வலி நம்மைக் காப்பாற்றுகிறது என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. யாருக்கும் வேண்டாத பரிசு என்று வலியைப் பற்றி 1993இல் ஒரு புத்தகமும் எழுதினார்.

இதை ஒத்துக்கொள்ளாதவன் மடையன். ஆனால் பிராண்ட் நிரூபித்தது வலியின் பயனை. மதிப்பு வேறு, பயன் வேறு. வீட்டில் தீப்பிடித்தால் மணி அடிக்க வேண்டும். தீயைப் பார்த்தாகிவிட்டது, எல்லோரும் வெளியே வந்தாகிவிட்டது, அப்புறமும் மூன்று மாதம் மணி அடித்துக்கொண்டிருந்தால் அது யாரை எச்சரிக்கிறது? எலும்புக்குப் பரவிய புற்றின் வலி நோயாளிக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. பிராண்டும் மயக்க மருந்து கொடுக்காமல் கத்தி வைத்தவர் அல்ல. பழந்தமிழில் வலி என்றால் வலிமை, குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, ஆகவே தமிழன் வலியைப் பலமாகப் பார்த்தான் என்று ஒரு நண்பர் வாதிட்டார். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வந்து சேர்ந்ததை வைத்து ஓர் இனத்தின் தத்துவத்தைக் கட்டுவது நமக்குக் கைவந்த கலை. அதற்குள் நான் போகவில்லை.

யாருடைய வலி தாங்கக்கூடியது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் இன்னும் முக்கியம். எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் 1847இல் பிரசவத்துக்கு ஈதரும் பிறகு குளோரோஃபாமும் கொடுக்கத் தொடங்கியபோது, வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்ற ஆதியாகமச் சாபத்தை என்ன செய்வது என்ற ஆட்சேபத்துக்கும் அவர் பதில் எழுத வேண்டியிருந்தது. ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கடவுளே அவனை ஆழ்ந்த தூக்கத்தில் ஆழ்த்தவில்லையா என்று திருப்பிக் கேட்டார். நல்ல பதில்தான். ஆனால் அந்த நாட்களில் பாதிரிகளைவிட மருத்துவர்கள் சளைத்தவர்கள் இல்லை. பிலடெல்பியாவின் சார்லஸ் மெய்க்ஸ், பிரசவ வலி இயற்கையானது, அவசியமானது என்று சிம்ப்சனோடு மல்லுக்கு நின்றார். அதே பத்தாண்டில் அலபாமாவில் மாரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்களின் உடம்பில் மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து பழகிக்கொண்டிருந்தார். கறுப்பர்களுக்கு வலி அவ்வளவு தெரியாது என்பது அந்தக் காலத்து மருத்துவ 'அறிவு'. விக்டோரியா ராணி 1853இல் எட்டாவது பிள்ளைக்குக் குளோரோஃபாம் வாங்கிக்கொண்டார். நம்மூரில் 'உழைக்கிற உடம்பு, தாங்கும்' என்கிறோமே, 'அவங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு' என்கிறோமே, அது இதே அறிவுதான்.

வலிக்கு அர்த்தம் சொல்கிற பேச்சும், வலியைத் தீர்க்கிற மருந்தை எட்டாமல் வைக்கிற அதிகாரமும் ஒன்றோடொன்று எப்படி இழைகின்றன என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் 1994இல் கல்கத்தாவில் அன்னை தெரசாவின் காளிகாட் இல்லத்தைப் பார்த்துவிட்டு, அங்கே சாகிறவர்களுக்கு வலுவான வலிநிவாரணி இல்லை என்று எழுதினார். அடுத்த ஆண்டு கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் தன் புத்தகத்தில், வலியைப் புனிதமாக்கும் வழிபாடு என்று அதைத் தாக்கினார். பக்தர்கள் கொதித்தார்கள். இரண்டு தரப்பும் வலியை இறையியலாகவே வாசித்தது. இந்திய அரசின் ஒரு சட்டம் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

1985இல் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் வந்தது. அமெரிக்காவிலிருந்து கிளம்பிய போதை எதிர்ப்பு யுத்தத்தின் காலம் அது. மார்ஃபின் தொடர்பான குற்றங்களுக்குக் குறைந்தது பத்தாண்டு கடுங்காவல். ஓர் ஆஸ்பத்திரி மார்ஃபின் மாத்திரை வைத்திருக்க வேண்டுமென்றால் கலால் துறை, மருந்துக் கட்டுப்பாடு என்று பல மேசைகளில் பல அனுமதிச் சீட்டுகள் வாங்க வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். கணக்கில் சின்னத் தவறு வந்தால் மருந்தாளுநர் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்ற பயம். 1985க்கும் 1997க்கும் இடையே இந்தியாவில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் விழுந்தது. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு அபின் ஆலைகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் எல்லாம் நம்முடைய அபின் வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபைகூட, உயிரைச் சற்றுக் குறுக்கும் அபாயம் இருந்தாலும் வலிநிவாரணி கொடுக்கலாம் என்று 1957லேயே பன்னிரண்டாம் பயஸ் வாயிலாகச் சொல்லிவிட்டது. கல்வாரியைவிடக் கறாராக இருந்தது கலால் துறை. காளிகாட் இல்லத்தின் மற்றக் குறைகளை இது நியாயப்படுத்தாது. ஆனால் மார்ஃபின் இல்லாததை ஒரு கன்னியாஸ்திரியின் நம்பிக்கை மீது மட்டும் ஏற்றுவது சுலபமான வாசிப்பு.

அந்த ஆண்டுகளில்தான் என் பெரியம்மா கர்ப்பப்பை வாய்ப் புற்றில் இறந்தார், ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு ஆஸ்பத்திரியில். மார்ஃபின் இங்க வெக்கிறதில்ல, லைசென்ஸ் சிக்கல் என்று டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு அர்த்தம் கொண்டு வந்தார்கள். எந்த ஜென்மத்துப் பாவமோ என்றார் ஒருவர். நல்லவங்களைத்தான் ஆண்டவன் சோதிப்பான் என்றார் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி. பொறுமையா இருக்காங்க, தெய்வம் மாதிரி என்றார் எங்கள் சொந்தக்காரர் ஒருவர். பெரியம்மா பொறுமையாக இல்லை. 'இத யாராச்சும் எடுத்துருங்கடா' என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. வலி மேல் அவருக்கு வேறு வியாக்கியானம் எதுவும் இல்லை.

கர்மக் கோட்பாடு மார்ஃபினைத் தடுத்தது என்று நான் சொல்லவில்லை, கோப்புதான் தடுத்தது. ஆனால் கோப்பின் மேல் யாருக்கும் கோபம் வராமல் பார்த்துக்கொண்டது அர்த்தம். எடுக்கக்கூடிய வலி என்று தெரிந்திருந்தால் அந்த வார்டில் கலெக்டர் வரைக்கும் சத்தம் போட்டிருப்பார்கள். எடுக்க முடியாதது, எடுக்கவும் கூடாதது, ஏதோ கணக்குத் தீர்கிறது என்று நம்பியதால் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார்கள். அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' (1957) இந்த இடத்தைத்தான் தொடுகிறது. வாழ்வே துக்கம் என்றால் மனிதனுக்கு நம்பிக்கைக்கு இடமேது, நான்கு உண்மைகள் புத்தருடைய மூலப் போதனைதானா என்று முன்னுரையிலேயே சந்தேகிக்கிறார். போன பிறவியின் கணக்கைத் தள்ளிவிட்டு, மனிதருக்கு மனிதர் இழைக்கும் அநீதியால் வரும் துன்பத்தை நடுவில் கொண்டு வைக்கிறார். பௌத்த அறிஞர்கள் பலர் இது பௌத்தமே இல்லை என்றார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிறருடைய படர்க்கையில் துன்பப்பட்டவர்களின் தரப்பிலிருந்து அதை வாசிக்க அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை.

அப்படியானால் தானாக ஏற்றுக்கொண்ட துன்பம்? காந்தியின் உண்ணாவிரதம், 16 ஆண்டுகள் மூக்கில் குழாயோடு இருந்த இரோம் ஷர்மிளா, முகத்தில் வளர்ந்த கட்டிக்கு மருத்துவம் மறுத்து 2002இல் இறந்த இவான் இல்லிச். பண்பாடுகள் வலிக்குக் கொடுத்திருந்த அர்த்தங்களைப் பிடுங்கிக்கொண்டு மருத்துவம் நம்மை வலிநிவாரண நுகர்வோராக ஆக்கிவிட்டது என்று 1970களில் எழுதியவர் இல்லிச். எழுதியபடியே செத்தும் காட்டினார், மரியாதைக்குரிய சாவு. ஆனால் அவருக்கு ஆஸ்பத்திரி எட்டும் தூரத்தில் இருந்தது, வேண்டாம் என்றார். விரதத்துக்கும் பட்டினிக்கும் உடம்பில் நடப்பது ஒன்றே, வேறுபாடு தெரிவில் இருக்கிறது என்று அமர்த்திய சென் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். சோறு இருக்கிறவன்தான் விரதம் இருக்க முடியும். மாத்திரை அலமாரியில் இருந்தால்தான் வேண்டாம் என்ற சொல்லுக்கு எடை. 1932 செப்டம்பரில் எரவாடாச் சிறையில் காந்தி ஏற்றுக்கொண்ட துன்பத்துக்கான விலையை அம்பேத்கர் தரப்புதான் கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் துன்பத்தை அடியோடு ஒழிப்போம் என்பவர்கள் இருக்கிறார்கள். டேவிட் பியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1995இல், மரபணுவை மாற்றி உணர்வுள்ள எல்லா உயிர்களின் துன்பத்தையும் ஒழித்துவிடலாம் என்று ஓர் அறிக்கை எழுதினார். ஒழிப்பு என்ற சொல்லே எனக்குக் கொஞ்சம் உதறலைத் தருகிறது. அதுவும் படர்க்கைதான், மொத்தக் கணக்கில் பேசுகிற படர்க்கை. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக அளக்க வேண்டும் என்ற நியாயமான இயக்கம் எழுந்தது. அதன் முதுகில் ஏறி 1996இல் பர்டூ ஃபார்மா கம்பெனியின் ஆக்ஸிகாண்டின் சந்தைக்கு வந்தது. போதைப் பழக்கம் வரும் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றதற்காக அந்தக் கூட்டுக் கம்பெனி 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது, 2020இல் மறுபடியும் குற்றங்களை ஒப்புக்கொண்டது. ஓபியாய்டுகளால் அங்கே லட்சக்கணக்கானோர் செத்துவிட்டார்கள். லான்செட் குழுவின் 2017 அறிக்கை சொல்கிறது: ஆண்டுக்கு உலகில் விநியோகமாகும் ஓபியாய்டு வலிநிவாரணிகள், மார்ஃபின் அளவில் கணக்கிட்டால், 298.5 மெட்ரிக் டன். அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன். ஒரு பக்கம் வலியை விற்றுத் தீர்த்தார்கள், இன்னொரு பக்கம் வலிக்கு வேதாந்தம். நடுவில் இருக்கிற உடம்பை இரண்டு பேரும் கேட்கவில்லை.

கேட்டவர்களும் உண்டு. லண்டனில் 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறித்தவர். நர்சாகவும் சமூகப் பணியாளராகவும் வேலை பார்த்து, பிறகு டாக்டரானவர். வலி திரும்பி வரும்வரை காத்திருக்காமல், நேரம் வைத்து மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்றார். நோயாளி கெஞ்ச வேண்டிய நிலையே வரக்கூடாது. உடம்பு வலி, மன வலி, பிள்ளைகளை என்ன செய்வேன் என்ற வலி, கடவுள் கைவிட்டாரா என்ற வலி எல்லாவற்றையும் சேர்த்து முழுவலி என்றார். துன்பத்துக்கு அர்த்தம் இருக்கலாம் என்று அவரும் நம்பினார். ஆனால் வலியை அடக்கிய பிறகே அதைப் பேச இடம் உண்டு என்பது அவருடைய நடைமுறை.

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் சில நண்பர்களும் ஒரு வலிநிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு மலப்புறத்தில் கிராமங்கள்தோறும் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். 2008இல் கேரளம் இதற்கென்று ஓர் அரசுக் கொள்கையே வகுத்தது. சட்டத்தைத் திருத்தப் பல ஆண்டு டெல்லிக்கு அலைந்தார்கள். 2014இல் நாடாளுமன்றம் திருத்தியது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரின் அங்கீகாரம் போதும். சட்டம் மாறினாலும் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணில் பார்க்காத ஆஸ்பத்திரிகள் நிறைய. எழுதத் தயங்குகிற டாக்டர்களும் உண்டு.

அந்த வீடுகளுக்குப் போகிற நர்சுகள் முதலில் ஒரு கேள்வி கேட்பார்கள். பூச்சியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் இதைவிட மோசமாக இருக்க முடியாது, இப்போ எத்தனை? பதிலைக் கட்டிலில் இருக்கிறவர்தான் சொல்ல வேண்டும், மகனோ மருமகளோ சொல்லக்கூடாது. எட்டு என்றால் எட்டு என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். வாய்வழி மார்ஃபின் நான்கு மணி நேரம்தான் தாங்கும் என்பதால், நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வீட்டில் ஒருவரைப் பழக்கிவிட்டு, அடுத்த முறை வரும்போது மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள்.